பாட்டுப் பெட்டிக்குள் ஒரு பாங்கு

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு அந்த மூடிய அறைக்குள் மேளம் அடிக்கத் தொடங்கியது.

குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் அறை அது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பேபி ரூம்' என்பார்கள். அதன் நடைக்கு வருவதென்றாலே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். கதைப்பதென்றால் வாய்க்குள் கதைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மேளம். அதன் பின்னால் கைதட்டல். அதற்கும் பின்னால், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் ஒரு பெண்ணின் துள்ளல் பாட்டு.

வீதியால் யாரோ மாப்பிள்ளை கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துச் சன்னல் பக்கம் திரும்பினேன். வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த என் மனைவி ஹாஜறா முழங்கையால் இடித்தாள்.

"வெளிய என்னத்தப் பாக்குறீங்க? பாடுறது நம்மட பெட்டி."

இந்தத் தொடரில் இதுவரை ஆறிப்போன கதைகளையே எழுதி வந்தேன். பாடசாலை, இடமாற்றம், நான் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது எல்லாம் நீங்கள் படித்தவைதான். இது இன்னும் ஆறாத கதை. எழுத உட்கார்ந்த இந்த அரை மணித்தியாலத்துக்குள் எத்தனை தரம் எழும்பிப் போனேன் என்று ஹாஜறாவைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு கோப்பை உருண்டாலும் பேனா கையை விட்டுப் போய்விடுகிறது.

போன் போகாத இடம்

என் மகள் நுஸ்ராவுக்கு ஏழாம் மாதத்திலேயே இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அவசரமாக ஒப்பரேசன் செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். எங்களுக்குத் தூக்கிக் காட்டவுமில்லை. பச்சைத் துணி போர்த்திய ஒரு தள்ளுவண்டி எங்களைக் கடந்து போனது. அதற்குள் என் பேரன் இருந்தான் என்று பிறகுதான் சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டி, மூச்சுக்கு மெசின், நெற்றியோரம் ஒரு ஊசி.

பேபி ரூமுக்குள் தாய் போகலாம். தகப்பன் வந்தால் கைகழுவி, மேலங்கி போட்டு, கொஞ்ச நேரம் நிற்கலாம். மற்றவர்களுக்கு வாசலோடு சரி. தாய் தையலோடு எழும்ப முடியாமல் மேல்மாடி நோயாளர் வாட்டில் கிடந்தாள். தகப்பன் கட்டாரில்.

எங்களில் பிள்ளை பிறந்தால் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கும் இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்கிற இகாமத்தும் சொல்வோம். உலகத்தில் அது கேட்கும் முதல் சொல் இறைவனின் பெயராக இருக்கட்டும் என்பதற்காக. தகப்பன் சொல்வார். அவர் இல்லாவிட்டால் மூத்தாப்பா, அதாவது பாட்டன், சொல்வார். பிறந்த பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றும்போதே நடந்து முடிந்துவிடுகிற காரியம். யாரும் அதை ஒரு காரியமாக நினைப்பதில்லை.

நுஸ்ரா நினைத்தாள். அவளுக்கு இதற்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதுவும் இப்படித்தான், நேரத்துக்கு முன்னால். அதுவும் நேரே மெசினுக்குத்தான் போனது. பின்னேரத்து அசர் தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைக் கபன் துணி சுற்றித் தந்த பிறகு நுஸ்ரா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பாங்கு சொன்னீங்களா வாப்பா? காதுக்குக் கிட்டப் போக எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை. பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்து, பாங்கு கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது சுவனத்துப் பறவைதான் என்று ஆறுதல் சொல்லிப் போனார். நுஸ்ரா தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

இந்த முறை மயக்கம் தெளிந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனும் கேக்காமப் போயிரப்படாது வாப்பா. கட்டார்ல இருக்கிற அவர்ர குரல்ல ஒருக்கா கேக்கட்டும்."

மௌலவிக்குப் போன் எடுத்தேன். மெசினில் வருகிற குரல் பாங்குக்குச் சமனாகாது, ஆனால் தாயின் மனதுக்காகச் செய்வதில் குற்றமில்லை, பிள்ளை வெளியே வந்ததும் முறையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வெளியே வந்ததும் என்ற சொல்லோடு நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

பேபி ரூமுக்குப் பொறுப்பான சிஸ்டர் தம்பிலுவில் ஊரைச் சேர்ந்தவர். போன் உள்ளே வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வழியும் சொன்னார். சிம் போடாத சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தால், ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பொலித்தீன் உறையில் போட்டு, குறைந்த சத்தத்தில் ஒரு தடவை போட்டுவிடுவாராம்.

"ஒரு தடவைதான் சேர். இந்தப் புள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது."

நான் கல்முனைப் பசாருக்கு ஓடினேன்.

சீன எழுத்தும் நானும்

தீப்பெட்டி அளவு. கறுப்பு நிறம். விரல்நுனி அகலத்தில் ஒரு திரை, அதன் கீழே ஐந்து பொத்தான். ஒலிபெருக்கி, ஒலிப்பதிவு எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்றார் கடைக்காரர். எதையும் செய்யத் தேவையில்லை, ஓன் பண்ணினால் சரி என்றும் சொன்னார். பொருள் கடையை விட்டு இறங்கும் வரைக்கும் எல்லாப் பொருளும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து ஓன் பண்ணினேன். திரையில் சீன எழுத்து.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் சீன எழுத்துத்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் வேறு சீன எழுத்து வந்தது. நீளமாக அமுக்கினால் அணைந்தது. மறுபடி ஓன் பண்ணினால், ஒரு பூ விரிந்து, ஒரு மணி ஒலித்து, பழைய எழுத்துக்கே திரும்பியது. தேநீர் கொண்டுவந்த ஹாஜறா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க புள்ளைகளுக்கு ஒலி, ஒளி எண்டு படிப்பிச்ச மனிசன்தானே?"

"ஒலி படிப்பிச்சன். சீன பாசை படிப்பிக்கல்ல."

கடைசியில் படங்களை வைத்துப் பிடித்தேன். இசைக்குறி போட்டது பாட்டு. ஒலிவாங்கி போட்டது பதிவு. பல்சில்லு போட்டது ஏதோ ஆபத்தானது, அதைத் தொடவில்லை. அதற்குள் மின்சாரம் தீர்ந்துபோன பெட்டியைச் சார்ஜில் செருகி, சிவப்புப் பொட்டு பச்சையாகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஆஸ்பத்திரியில் நின்ற மைத்துனிக்கு எத்தனை போன் கோல் எடுத்திருப்பேனோ. அவள் ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் இருக்கிறான் என்றாள். அப்படியே என்றால் எப்படி என்று நான் கேட்டேன்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மருமகன் இர்பானின் கோல் வந்தது.

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்போம். நாங்கள் கட்டிய வீட்டின் முன்பக்கம் நுஸ்ராவுக்கும் இர்பானுக்கும். நானும் ஹாஜறாவும் பின்னால் இரண்டு அறை இறக்கிக்கொண்டு அங்கே போய்விட்டோம். ஒரே வளவு, ஒரே கிணறு. ஆனாலும் மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் நீண்ட பேச்சு நடப்பதில்லை. நான் வந்தால் அவர் எழும்புவார். அவர் எழும்புகிறாரே என்று நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். கட்டாருக்குப் போன பிறகும் கோலில் சலாம் சொல்லி, சுகம் கேட்டு, போனை நுஸ்ராவிடம் கொடுத்துவிடுவேன்.

அன்று கொடுப்பதற்கு நுஸ்ரா இல்லை. விசயத்தைச் சொன்னேன். அவர் அவசரத்தில் இருந்தார். வெளியே நிற்பதாகவும் பிறகு எடுக்க முடியுமோ தெரியாது என்றும் சொன்னார்.

"இப்பவே சொல்லுங்க மருமகன். நான் புடிக்கிறன்."

ஒரு கையில் போன், மறு கையில் பெட்டி. இரண்டையும் வாயோடு வாய் வைத்தாற்போல நெருக்கிப் பிடித்தேன். இர்பான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாங்கு சொன்னார். அடக்கிய குரல். முடிகிற இடத்தில் எங்கோ தூரத்தில் மணி ஒன்று ஒலித்து, ஒரு பெண் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தாள். வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் பெரிய கடையாக்கும் என்று நினைத்தேன். கோலும் அறுந்துவிட்டது.

வட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்திருக்கும். எனக்கு அது ஞாபகமே வரவில்லை. ஒரு மெசினின் வாயை இன்னொரு மெசினின் காதில் வைப்பதுதான் என் கைக்குத் தெரிந்த வழி.

ராத்தாவின் 'டக்'

அந்தப் பழக்கம் கசட் காலத்தில் வந்தது.

என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எழுதுவதற்கு அவளுக்கு வராது. கசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். உறையைப் பிரித்தால் சவர்க்காரமும் ஏலக்காயும் மணக்கும். றேடியோவைச் சுற்றி நாங்கள் எல்லோரும் உட்காருவோம். அடுத்த வீட்டாரிடம் இன்னொரு றேடியோவை இரவல் வாங்கி, இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்து, சவளக்கடை என்ற ஊரில் வயல் பார்த்த அவள் கணவர், எங்கள் மச்சானுக்கு ஒரு பிரதி எடுப்பது என் வேலை. பிரதி எடுக்கும்போது யாரும் இருமக்கூடாது. ஒரு கசட்டில் எங்கள் சேவலும் கூவியிருக்கிறது.

ராத்தா எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பாள். உம்மாவின் முழங்கால், மாட்டின் கன்று, வேலிக்கு நட்ட கதியால் கம்பு. தன் பிள்ளைகளின் பெயருக்கு வரும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அதே குரலில் தொடர்வாள். கசட் பழையதாக்கும் என்று உம்மா சொல்வார். எனக்கும் அப்போது விளங்கவில்லை. அழுகை வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, அடங்கிய பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறாள். அவள் அழுததை நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. 'டக்'கை மட்டும்தான் கேட்டோம்.

எல்லாம் போனது

பேபி ரூமுக்குத் திரும்புகிறேன். பாட்டு நின்றது. கதவு திறந்தது. பொலித்தீன் உறையோடு பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு சிஸ்டர் வெளியே வந்தார். நான் எழும்பி நின்றேன், பிழை செய்த மாணவன் மாதிரி.

"பாங்கு எண்டு தந்தீங்க சேர். இது கலியாண வீடு நடத்துது."

விற்கும்போதே பெட்டிக்குள் சில பாட்டுகளைப் போட்டுத்தான் விற்பார்களாம். சாமானோடு சேர்ந்து வரும் மாதிரிப் பாட்டு. ஓன் பண்ணினால் முதலாவது பாட்டிலிருந்துதான் தொடங்கும். இர்பானின் பாங்கு வரிசையில் கடைசியில் இருந்திருக்கிறது. கையுறை போட்ட விரலுக்குப் பொத்தான் பிடிபடாமல் சிஸ்டர் சத்தத்தைக் குறைக்கத் தேட, அது கூடியிருக்கிறது.

பிள்ளை திடுக்கிட்டானா என்று ஹாஜறா கேட்டாள். எல்லாப் பிள்ளையும்தான் திடுக்கிட்டது என்றார் சிஸ்டர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டுகளை அழித்துவிட்டு, பாங்கை மட்டும் வைத்துத் தாருங்கள், பின்னேரம் பார்ப்போம் என்றார்.

வாங்கில் உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினேன். தொடப் பயந்த பல்சில்லுப் படத்துக்குள் போனேன். ஒரு குப்பைத் தொட்டிப் படம் இருந்தது. அமுக்கினேன். ஒரு வரி சீன எழுத்து வந்து ஏதோ கேட்டது. கீழே இரண்டு சொல். இந்தப் பாட்டை அழிக்கவா என்றுதான் கேட்கும், வேறு என்ன கேட்கும் என்று நினைத்து முதலாவது சொல்லை அமுக்கினேன்.

பூ விரிந்தது. மணி ஒலித்தது. பெட்டி வெறுமையாகிவிட்டது. பாட்டும் இல்லை, பாங்கும் இல்லை.

ஹாஜறா என் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்து இர்பானுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அடித்தேன். கொஞ்சம் பொறுத்து அடித்தேன். பொறுக்காமல் அடித்தேன். கட்டாரில் அவரோடு தங்கியிருந்த ஆட்களின் இலக்கம் நுஸ்ராவிடம்தான் இருக்கும். அவளிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

நடுப்பகல் லுகர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் டொக்டர் வெளியே வந்தார். பிள்ளை மூச்செடுத்துக் களைக்கிறது, வேறு மெசினுக்கு மாற்றியிருக்கிறோம் என்றார். பிறகு, பார்ப்போம் என்றார். முந்தின பிள்ளைக்கும் ஒரு டொக்டர் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்

நீங்களே சொல்லிப் பதியுங்கள் என்றாள் ஹாஜறா. நான் பள்ளிவாசல் பாங்கையே பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். அது ஊருக்குச் சொல்வது, இது ஒரு ஆளுக்குச் சொல்வது என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சத்தமில்லாத இடம் தேடி நடந்தேன். நடையெல்லாம் ஆட்கள். வாகனங்கள் நிற்கிற பக்கம் ஜெனரேற்றர். கடைசியில் பின்புறத்தில், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் இடைவெளி கிடைத்தது. ஈரச் சீமெந்தும் பாசியும் மணத்தன. பெட்டியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, பதிவுப் பொத்தானை அமுக்கினேன்.

முதல் இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவதில் மதிலுக்கு அந்தப் பக்கம் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று வந்து, தன் வழக்கமான இராகத்தைப் பாடிக்கொண்டு நின்றது. அது போகும் வரைக்கும் காத்திருந்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை யாரும் குழப்பவில்லை. தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அவன் எப்போது எழும்பி, எப்போது நடந்து, எந்தத் தொழுகைக்கு வரப்போகிறான்? வகுப்பின் கடைசி வாங்குவரைக்கும் கேட்கிற குரல் என்று பேரெடுத்தவன் நான். அந்தக் குரல் காற்றாகப் போனது.

பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். டக்.

தொழுகையை முன்னின்று நடத்தும் இமாமுக்கு ஒரு சொல் தடக்கினால், பின்னால் நிற்கிறவர் அதை எடுத்துக் கொடுப்பார். இமாம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் எனக்கு எடுத்துக் கொடுக்க யாருமில்லை. நிறுத்தி, முகத்தைத் துடைத்து, மறுபடி அமுக்கி, அடுத்த வரி சொல்லி, மறுபடி நிறுத்தி, எப்படியோ முடித்தேன். போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் டக், டக், டக்.

இதையா என் பேரனின் காதில் வைப்பது?

அசருக்குப் பிறகு பேபி ரூம் வாசலுக்கு வந்தேன். மூச்சு இப்போது கொஞ்சம் சீராக இருப்பதாக சிஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். பெட்டி என் சட்டைப் பைக்குள் இருந்தது. எடுக்கவும் மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஹாஜறா என்னையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் நடையின் மறுமுனையில் செருப்பைக் கழற்றாமல் ஒருவர் ஓடி வந்தார். காவலாளி பின்னால் கத்திக்கொண்டு வந்தார். ஓடி வந்தவரின் தோள்பையில் விமான நிலையத்தில் ஒட்டிய வெள்ளைத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

இர்பான்.

அந்த மணியும், ஒலிபெருக்கிப் பெண்ணின் அறிவிப்பும் விமான நிலையத்திலிருந்து வந்தவை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. லீவு கடைசி நேரத்தில்தான் கிடைத்ததாம். விமானத்தில் இடம் உறுதியாகும் வரைக்கும் எங்களிடம் சொல்ல மனம் வரவில்லையாம். போனில் சார்ஜ் இல்லாமல் போய், வாடகை வேனில் கூட வந்தவரின் போனை இரவல் வாங்கியும், எங்கள் யாருடைய இலக்கமும் ஞாபகம் வரவில்லையாம். இதையெல்லாம் ஹாஜறாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

தகப்பன் என்றதும் சிஸ்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. கையை முழங்கை வரைக்கும் கழுவவைத்து, பச்சை மேலங்கியைப் பின்னால் முடிந்துவிட்டார். கதவைத் திறந்து பிடித்தார். தூரத்தில் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. அதற்குள் நீல வெளிச்சத்தில், என் உள்ளங்கை அளவில் ஒரு முதுகு ஏறி ஏறி இறங்கியது.

உள்ளே ஒரு காலை வைத்த இர்பான் நின்றுவிட்டார். திரும்பி என் பக்கம் வந்தார். ஹாஜறாவைத் தாண்டி, நேரே என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் தொடங்குறன் மாமா. நடுவுல நிண்டுட்டா, வாசல்ல இருந்து எடுத்துக் குடுங்க."